பரணில் பழைய கடிதக் கட்டு கிடைத்ததா? போகி நெருப்பில் போடும் முன் இதைப் படிங்க!

போகிக்கு முந்தைய வாரம் வீட்டைச் சுத்தம் செய்யும்போது பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறங்கும். உள்ளே செல்லாத பாஸ்புக், கரையான் அரித்த ஜாதக நோட்டு, கொக்கிக் கம்பியில் குத்திவைத்த ஒரு கட்டு கடிதம். "இந்தக் கையெழுத்து யாருக்குப் புரியுது?" என்று ஒருவர் கேட்பார். மறுநாள் காலை அந்தக் கட்டு பழைய பாயோடு சேர்ந்து எரிந்துவிடும்.

அந்தக் கட்டில் இருப்பது ரங்கூனிலோ பினாங்கிலோ கண்டிச் சீமையிலோ வேலை பார்த்த தாத்தாவின் அப்பாவைப் பற்றிய ஒரே பதிவாக இருக்கலாம். ஊர், வருஷம், வேலை, கடன், கோபம் எல்லாமே அதில் இருக்கும். படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பழைய கடிதங்கள் கிடைத்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது? அதை வைத்து முன்னோரை எங்கே தேடுவது? பார்க்கலாம்.

முதல் வேலை என்ன?

ஸ்கேன் செய்வதோ ஃபேஸ்புக்கில் போடுவதோ இல்லை. வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் கட்டைக் கொண்டுபோய்க் காட்டுவதுதான் முதல் வேலை.

காரணம் இருக்கிறது. பழைய கடிதங்களில் பெயர்களே அதிகம் வராது. "பெரியவன் சொன்னபடி செய்யவும்", "மேலவீட்டு அத்தைக்குச் சொல்லவும்", "சின்னவன் படிப்பை நிறுத்த வேண்டாம்" என்று முறை சொல்லித்தான் எழுதுவார்கள். அந்தப் பெரியவன் யார், மேலவீடு எது என்பது எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்காது. 80 வயதைத் தாண்டிய ஒரு பாட்டிக்கோ பெரியப்பாவுக்கோதான் தெரியும். காகிதம் இன்னும் 50 வருஷம் தாங்கலாம். அதைப் படித்து ஆளை அடையாளம் சொல்பவருக்கு அவ்வளவு காலம் இல்லை.

கடிதத்தை அவர் முன்னால் வாய்விட்டுப் படியுங்கள். செல்போனில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். "இது யாரு?" என்று ஒவ்வொரு பெயரிலும் நிறுத்துங்கள். ஒரே நாளில் முடிக்க நினைக்க வேண்டாம். பாதிக் கதை இரண்டாம் நாள் தான் ஞாபகத்துக்கு வரும்.

கடிதத்தைக் கெடுக்காமல் எடுப்பது எப்படி?

கம்பியில் குத்திய கடிதங்கள் பெரும்பாலும் வந்த வரிசையில் இருக்கும். அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. அதனால் கழற்றும் முன் பென்சிலால் ஒவ்வொன்றின் மூலையிலும் வரிசை எண் போடுங்கள். பேனா வேண்டாம். கம்பி துருப்பிடித்திருந்தால் இழுக்காமல் வெட்டி எடுப்பது நல்லது.

உறையைத் தனியாக, கடிதத்தைத் தனியாக வைக்கக் கூடாது. தேதியும் ஊரும் பல நேரம் உறையில் மட்டும்தான் இருக்கும்.

மடிப்பு விட்டுப்போன இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துக் கெடுக்கும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது. ரப்பர் பேண்ட், குண்டூசி, ஸ்டேப்ளர் முள் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்.

போட்டோ எடுக்க ஜன்னல் வெளிச்சம் போதும், ஃப்ளாஷ் வேண்டாம். நேர் மேலிருந்து, முன்பக்கம், பின்பக்கம், உறை என மூன்றையும் எடுங்கள். எழுத ஒன்றும் இல்லாத பக்கத்தையும் எடுக்க வேண்டும். முத்திரை அங்கேதான் இருக்கும்.

"விஷு வருஷம் ஐப்பசி" என்றால் எந்த வருஷம்?

உதாரணத்துக்கு, சிவகங்கைப் பக்கம் ஒரு வீட்டில் இப்படி ஒரு கடிதம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே "உ". அடுத்து "விஷு ௵ ஐப்பசி ௴ ௰௫ ௳, சுங்கை பட்டாணி" என்று எழுதியிருக்கிறது. அண்ணன் தம்பிக்கு எழுதியது. "இத்துடன் மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். தை மாசம் வருகிறேன்" என்று முடிகிறது.

இதில் "உ" பிள்ளையார் சுழி. ௵ என்பது வருஷம், ௴ மாதம், ௳ நாள். ௸ என்று வந்தால் மேற்படி, ௹ என்றால் ரூபாய். தமிழ் எண்கள் பார்க்க எழுத்துகள் போலவே இருக்கும். 1 என்பது "க" போலவும், 2 "உ" போலவும், 7 "எ" போலவும், 8 "அ" போலவும் தெரியும். ௰ என்றால் 10, ௫ என்றால் 5. ஆக ௰௫ என்பது 15. அதாவது ஐப்பசி 15.

தமிழ் வருஷங்கள் 60. சுற்று முடிந்தால் அதே பெயர் திரும்ப வரும். விஷு என்பது 1881-82, 1941-42, 2001-02 மூன்றுக்கும் பொருந்தும். தபால்தலையும் காகிதமும் பார்த்தால் எந்தச் சுற்று என்பது தெரிந்துவிடும். இந்தக் கடிதம் 1941 அக்டோபர் கடைசியில் எழுதியது என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. அதனால் தை, மாசி, பங்குனி அடுத்த ஆங்கில வருஷத்தில் விழும். விஷு வருஷத்துத் தை என்பது 1942 ஜனவரி. மார்கழி இரண்டு வருஷத்திலும் கால் வைக்கும்.

வேறு கணக்குகளும் வரலாம். நிலம், வரி சம்பந்தப்பட்ட கடிதங்களில் பசலி ஆண்டு இருக்கும். ஜூலையில் தொடங்கும் பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில வருஷம் கிடைக்கும். பசலி 1351 என்றால் 1941 ஜூலை முதல் 1942 ஜூன் வரை. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கக் கடிதங்களில் கொல்லம் ஆண்டு வரும். அதோடு 824 அல்லது 825 கூட்ட வேண்டும். ஆவணியிலிருந்து டிசம்பர் வரை 824, ஜனவரிக்கு மேல் 825.

தேதியே இல்லை என்றால்?

கடிதத்தில் இருக்கும் மற்ற விஷயங்கள் கைகொடுக்கும்.

தபால்தலையில் 6-ம் ஜார்ஜ் மன்னர் முகம் இருந்தால் அது 1937 அல்லது அதற்குப் பிந்தையது. தேசியக் கொடியும் "ஜெய்ஹிந்த்" என்ற வாசகமும் உள்ள சுதந்திர இந்தியாவின் முதல் தபால்தலை 1947 நவம்பர் 21-ல் வெளியானது. முகவரியில் 6 இலக்க பின்கோடு இருந்தால் கடிதம் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது.

பணக் கணக்கு இன்னொரு தடயம். 1957 ஏப்ரல் 1 வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா. "நயா பைசா" என்று வந்தால் அதற்குப் பிறகு எழுதியது. "வெள்ளி" என்று வந்தால் மலாயா, சிங்கப்பூர்ப் பணம்.

அச்சடித்த கல்யாணப் பத்திரிகையோ துண்டுத்தாளோ இருந்தால் "லை", "னை", "றா", "ணா" ஆகியவற்றின் வடிவத்தைப் பாருங்கள். தமிழக அரசு 1978-ல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. கொம்பு சுழித்த பழைய வடிவம் அச்சில் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது. கையெழுத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. பழைய வடிவத்தில் எழுதிப் பழகியவர்கள் கடைசிவரை அப்படியே எழுதினார்கள்.

ஊர்ப் பெயர் மாறியிருக்குமே?

கண்டிப்பாக. பழைய முகவரியை அப்படியே கூகுளில் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

"ராம்நாட் ஜில்லா" என்றால் இன்றைய ராமநாதபுரம் மட்டும் இல்லை. 1985-ல் பிரியும் வரை சிவகங்கை, விருதுநகர் பகுதிகளும் அதில் இருந்தன. தஞ்சாவூர் ஜில்லாவில் இன்றைய நாகப்பட்டினம், திருவாரூர் அடக்கம். ரங்கூன் இப்போது யாங்கோன். மௌல்மீன் இப்போது மாவ்லமைன். மலாயாவின் போர்ட் சுவெட்டன்ஹாம் இப்போது கிள்ளான் துறைமுகம். நம் உதாரணக் கடிதத்தின் சுங்கை பட்டாணி மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கிறது.

தோட்டங்களில் இன்னொரு சிக்கல். இலங்கையிலும் மலாயாவிலும் ஒரே எஸ்டேட்டுக்கு இரண்டு பெயர் இருந்தது. துரைமார் பதிவேட்டில் ஆங்கிலப் பெயர், தொழிலாளர் வாயில் தமிழ்ப் பெயர். கடிதத்தில் வருவது பெரும்பாலும் தமிழ்ப் பெயர். தேடும்போது இரண்டையும் தேட வேண்டும்.

கடிதத்தின் தலைப்பே தகவல் சொல்லுமா?

சொல்லும். "சிவமயம்", "ஸ்ரீராமஜயம்", "786", "யேசு மரியே சூசை" என்று தலைப்பிலேயே குடும்பத்தின் நம்பிக்கை தெரியும். "சிரஞ்சீவி" என்று தொடங்கினால் வயதில் இளையவருக்கு எழுதியது. "மகா-ள-ள-ஸ்ரீ" என்று இருந்தால் குழம்ப வேண்டாம், அது "மகாராஜராஜஸ்ரீ" என்பதன் சுருக்கம். மரியாதைக்குரியவருக்கு எழுதியது.

பெண்களுக்கு எழுதிய கடிதங்களில் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். பிராமணக் குடும்பக் கடிதங்களில் சுமங்கலியை "சௌபாக்கியவதி" என்றும், கணவரை இழந்தவரை "கங்கா பாகீரதி சமானமான" என்றும் எழுதும் வழக்கம் இருந்தது. ஒரே பெண்ணுக்கு வந்த இரண்டு கடிதங்களில் இந்த விளிப்பு மாறியிருந்தால், இடைப்பட்ட காலத்தில் அவர் கணவர் இறந்துவிட்டார் என்று அர்த்தம். அதைக் கடிதத்தில் வேறெங்கும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் கிடைக்கும் கடிதம் அரபு எழுத்தில் இருந்தால் அது அரபு மொழி என்று முடிவு கட்டாதீர்கள். தமிழையே அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழாக இருக்கலாம். வாசித்துக் காட்டினால் நமக்கே புரியும்.

கையெழுத்து மாறினால் ஆள் மாறிவிட்டாரா?

அவசரப்பட வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல வேறு ஒருவர் எழுதினார். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, பள்ளிக்கூட வாத்தியார், பக்கத்து லயத்துப் பையன் என யாரும் எழுதியிருக்கலாம். ஊரில் வந்த கடிதத்தை வாசித்துக் காட்டியதும் பல இடங்களில் தபால்காரர்தான். ஆகவே ஒரே ஆளின் கடிதங்கள் நான்கு கையெழுத்தில் இருப்பது சகஜம். மூன்றாம் ஆள் முன்னால் சொல்லி எழுதியதால்தான் பல கடிதங்கள் நலம் விசாரிப்போடு முடிந்துவிடுகின்றன. அன்பு இல்லாததால் இல்லை.

கடிதம் நின்றுபோன வருஷங்கள்

நம் உதாரணக் கட்டுக்கு வருவோம். "தை மாசம் வருகிறேன்" என்ற கடிதத்துக்கு அடுத்து இருப்பது "பார்த்திப ௵ மார்கழி" என்று தேதியிட்டது. அதாவது 1945 டிசம்பர் அல்லது 1946 ஜனவரி. நடுவில் 4 வருஷம் ஒன்றுமே இல்லை. கையெழுத்தும் வேறு.

தம்பி குடும்பத்தில் இதற்கு ஒரு விளக்கம் சொல்லியிருப்பார்கள். "அங்க போய் எங்களை மறந்துட்டாரு", "அங்கேயே ஒரு குடும்பம் வெச்சுக்கிட்டாரு" என்பது மாதிரி. வரலாறு வேறு ஒன்றைச் சொல்கிறது.

1941 டிசம்பர் 8-ல் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. அந்த மாதமே கெடாவும் பினாங்கும் விழுந்தன. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் சரணடைந்தது. கப்பல் நின்றது, இந்தியாவுக்கான தபால் நின்றது, மணியார்டர் நின்றது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பும் வரை இதுதான் நிலை. தை மாதம் வர நினைத்தவருக்கு வழியே இருக்கவில்லை.

அந்த 4 வருஷத்தில் மலாயாத் தமிழர்களுக்கு என்னென்னவோ நடந்தது. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்குத் தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுசெல்லப்பட்டார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தபோது பலர் உயிரோடு இல்லை. அவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பெயர் பதிவும் இல்லை, கல்லறையும் இல்லை. இன்னொரு பக்கம், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் தோட்டத்துத் தமிழ் ஆண்களும் பெண்களும் சேர்ந்தார்கள்.

பர்மாவில் இருந்தவர்களுக்கு 1942-ல் ரங்கூன் விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை தாண்டி நடந்தே இந்தியா வந்தார்கள். வழியில் இறந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. 1962 ராணுவ ஆட்சிக்குப் பிறகு இரண்டாவது முறையாக வெளியேற நேர்ந்தது. இலங்கைத் தோட்டக் கடிதங்கள் 1964-க்குப் பிறகு தொனி மாறினால் அதற்கும் காரணம் உண்டு. அந்த வருஷம் அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும் என்றது. அதே வருஷம் டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது.

எனவே கடிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கியதும், இடைவெளி எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் அந்த ஊரில் என்ன நடந்தது என்று தேடுங்கள். ஒருவரைப் பற்றி வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லிவந்த பழி அங்கே தீரலாம்.

கட்டில் இல்லாத கடிதங்கள் எவை?

இரண்டு வகை. ஒன்று, சாவுச் செய்திக் கடிதம். மூலையில் மஞ்சள் தடவிய நல்ல காரியக் கடிதத்தைப் பத்திரப்படுத்துவார்கள். சாவைச் சொல்லும் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள். வீட்டில் வைக்கக் கூடாது என்பது வழக்கம். அதனால் ஒருவர் இறந்த தேதி கட்டில் கிடைக்காதது இயல்பு. அதற்கு அடுத்து வந்த ஆறுதல் கடிதத்தையோ திதி பற்றிய குறிப்பையோ தேடுங்கள்.

இரண்டாவது, நம் வீட்டார் எழுதிய கடிதங்கள். பெட்டியில் இருப்பது வந்த கடிதம் மட்டுமே. போன கடிதம் எதிர்முனையில் இருக்கும். "நீ எழுதியது கண்டு மனம் வருந்தினேன்" என்று வந்தால், என்ன எழுதினார் என்பது பினாங்கில் யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியில் கிடக்கலாம். உறவு விட்டுப்போன பங்காளி வீட்டைத் தேட இதுவே நல்ல காரணம்.

அடுத்து எங்கே தேடுவது?

* வீட்டில்: ஜாதக நோட்டு பிறந்த நாளையும் பெற்றோர் பெயரையும் தரும். மொய் நோட்டில் உறவினர் பெயர் ஊரோடு இருக்கும். பழைய கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயர் வரை கிடைக்கும்.
* ஊரில்: குலதெய்வக் கோயில் தலைக்கட்டு வரி நோட்டு. எந்தக் குடும்பம் எப்போது வெளியூர் போனது என்பது அதில் தெரியும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்குக் கோயிலின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள். நகரத்தார் வீடுகளில் திருமணத்தின்போது எழுதும் இசைகுடிமானம்.
* அரசு அலுவலகத்தில்: பழைய கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அண்ணன் தம்பி பெயர்கள் வரிசையாக இருக்கும். கடல் கடந்து போனவர் பெயரும் அதில் வரலாம்.
* சென்னையில்: எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.
* இணையத்தில்: இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல், ஈழத்து ஆவணங்களுக்கு நூலகம் தளம், சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தொகுப்பு. அந்தத் தொகுப்பில் 1935-ல் தொடங்கிய தமிழ் முரசு நாளிதழும் இருக்கிறது. இரண்டு உலகப் போர்களில் இறந்த ராணுவத்தினருக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளம்.
* தென்னாப்பிரிக்கா, மொரீஷியஸ் போனவர்களுக்கு: 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் போன ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கப்பல் பட்டியல் உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, கிராமம் வரை அதில் இருக்கும். மொரீஷியஸ் பதிவுகள் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன.

இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணி முறையில் போனவர்களுக்கு இப்படி ஆளுக்கு ஆள் பதிவு கிடைப்பது அரிது. அவர்கள் விஷயத்தில் வீட்டில் இருக்கும் கடிதத்தின் மதிப்பு இன்னும் அதிகம்.

வேண்டாத உண்மை வெளியே வந்தால்?

வரும். அக்கரையில் இன்னொரு குடும்பம், மறைத்த கடன், சாதி மாறிய கல்யாணம், கோபத்தில் எழுதிய வார்த்தை என எது வேண்டுமானாலும் இருக்கலாம். சம்பந்தப்பட்டவரின் பிள்ளைகள் உயிரோடு இருந்தால், முதலில் அவர்களிடம் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டுப் பிறகு சமாதானம் சொல்வது சரியாகாது.

சட்டமும் ஒன்று சொல்கிறது. கடிதத் தாள் அதைப் பெற்றவருக்குச் சொந்தம். அதில் உள்ள எழுத்தின் காப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. புத்தகமாகவோ வீடியோவாகவோ வெளியிட நினைத்தால் அந்தக் கிளையினரின் சம்மதம் வாங்குவது நல்லது.

இந்த வாரமே செய்ய வேண்டியது

பெட்டியைக் கீழே இறக்குங்கள். கடிதங்களுக்கு வரிசை எண் போட்டு, மூன்று பக்கமும் போட்டோ எடுத்து, இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஒரு நோட்டில் தேதி, ஊர், எழுதியவர், பெற்றவர் என நான்கு கட்டம் போடுங்கள். தெரியாததைக் காலியாக விடுங்கள்.

பிறகு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பாட்டியிடம் போய் உட்காருங்கள். "இந்தச் சின்னவன் யாரு பாட்டி?" என்று கேளுங்கள். "வேற யாரு, உங்க தாத்தாதான்" என்று பதில் வரலாம். படிப்பை நிறுத்த வேண்டாம் என்று பினாங்குப் பக்கத்திலிருந்து பணம் அனுப்பியவர் யார் என்பதை அவர் சொல்லி நீங்கள் எழுதிக்கொள்ளும் வாய்ப்பு இப்போது இருக்கிறது.